மதாம் சாரம் வீட்டு வாசல்

1

நேற்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் வருடாந்தரக் கூட்டத்தில், என் வீட்டு வாசலில் இருக்கும் துண்டு மண்ணுக்குச் சிமெண்ட் போட வேண்டியதில்லை என்று முடிவாகிவிட்டது. கை தூக்கி வாக்களித்தார்கள். நான் ஜெயித்தேன். இதை அடக்கமாக எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. புதுச்சேரியில் இதைப் படிக்கிறவர்கள் "இந்த செல்விக்கு வாய் இன்னும் குறையல" என்று சொன்னாலும் பரவாயில்லை. பெருமையடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது பிரான்சின் மேற்குக் கோடியில், பிரெத்தாஞ் என்ற பகுதியில் ஒரு சின்ன ஊர். பாரிஸுக்கு வருகிற நம் ஆட்கள் யாரும் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்தப் புண்ணியத்தில் எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன், தட்டு அடுக்குகிறேன், சாப்பிட மறுக்கும் பிள்ளைகளிடம் சண்டை போடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள், நிலா. பதினாறு வயது, லீசே என்ற மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

வந்த புதிதில் நாலாவது மாடியில் குடியிருந்தோம். அங்கே கதவு இருந்தது, வாசல் இல்லை. கதவுக்கு வெளியே எல்லாருக்கும் பொதுவான நடை. அதில் நான் உள்ளங்கை அகலத்துக்குக் கோலம் போடுவேன், துப்புரவுக்காரர் வந்து துடைத்துவிட்டுப் போவார். பல வருடம் இப்படியே போயிற்று. அப்புறம்தான் இந்தத் தரைவீடு கிடைத்தது. ஒரு வரிசையாக வீடுகள். கதவைத் திறந்தால் சிமெண்ட் நடை, நடையின் ஓரமாக ஒரு துண்டு மண். சாவி வாங்கிய அன்றைக்கு நான் வீட்டுக்குள் போகாமல் அந்த மண்ணைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். அழுதேன்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே என் பெயர் மதாம் சாரம். வீட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தபோது குடும்பப் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில், பிறந்த இடமான புதுச்சேரிச் சாரத்தை எழுதிவிட்டேன். திருத்தப் போனால், மேரிக்குப் போ என்றார்கள். மேரி என்ற நகராட்சியில் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து எடுத்து வா என்றார்கள். எடுத்துப் போனால், இது பழைய சான்றிதழ், புதிதாக வாங்கி வா என்றார்கள். நான் பிறந்ததே பழைய விஷயம்தானே, புதிதாக எங்கே போவது. விட்டுவிட்டேன். தபால்பெட்டியில் மதாம் சாரம், கூட்டத்தில் மதாம் சாரம். நம் சாரத்தின் பெயரை வெள்ளைக்காரர்கள் மரியாதையோடு கூப்பிடுவது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

2

போன வருடம் மார்ச் மாதக் கூட்டத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்தது.

குடியிருப்போர் குழுவின் தலைவி மதாம் கெர்வெல், என் பக்கத்து வீட்டுக்காரர். வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகு வளையாமல் நிற்பார், பேச்சும் அப்படித்தான். அவர் கொண்டுவந்த தீர்மானம் இது: ஒவ்வொரு வீட்டு வாசல் மண்ணும் வருடம் முழுக்கப் பச்சையாக மூடியிருக்க வேண்டும். ஏற்கெனவே நிற்கும் பழைய புதர்களைத் தவிர, செடி முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. குளிர்காலத்தில் இலை கொட்டி வெறும் சேறு தெரியக் கூடாது. அடுத்த மார்ச்சுக்குள் முடியாதவர்கள் வாசலுக்குக் குழுவே சிமெண்ட் போட்டுவிடும்.

யார் வாசல் என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த மண்ணில் கத்தரி வைத்தேன், மிளகாய் வைத்தேன், கனகாம்பரம் வைத்தேன். கோடையில் நாலு இலை விடும், அக்டோபரில் அழுகிப்போகும், அப்புறம் ஏப்ரல் வரை வெறும் சேறு. கூடவே மதாம் இன்னொன்றும் சொன்னார்: "மதாம் சாரம் வாசலில் எப்போதும் ஒரு வெள்ளைத் தூசி இருக்கிறது." கோலத்தைத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து குமுறினேன். நிலா தலையை நிமிர்த்தாமல் பிரெஞ்சில் சொன்னாள், "சிமெண்ட் போட்டா நல்லதுதானே. க்ளீனா இருக்கும்."

அது எனக்கு மதாமின் தீர்மானத்தை விட வலித்தது. அவளுக்கு அந்த வாசலே பிடிக்காது. சிநேகிதிகள் வந்தால் பின்பக்கமாக அழைத்துப் போவாள். ஒருமுறை ஒரு பெண் கோலத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது, நிலா சொன்ன பதில் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "ரியென்." ஒன்றுமில்லை என்று அர்த்தம். தினமும் குனிந்து நிமிர்ந்து நான் போடுவது என் மகளுக்கு ஒன்றுமில்லை. மண்ணும் போய், சிமெண்டும் வந்துவிட்டால், இவளுக்கு நான் காட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நாற்றுப் பண்ணைக்குப் போனோம். நிலாவைப் பேச்சுத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன். உயரமில்லாத, இலை கொட்டாத, நிழலிலும் வளரும் செடி வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் தரையோடு தரையாகப் படர்ந்த ஒரு குட்டிப் புதரைக் காட்டினார். தடித்த, பளபளப்பான இலை. கோல்தெரி என்று பெயர். இலையைக் கசக்கி மோந்து பாருங்கள் என்றார். மோந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் அப்பாவின் முழங்கால் வாசனை. பஞ்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து அவர் தேய்த்துக்கொள்ளும் வலித்தைலம் அப்படியே அந்த இலைக்குள் இருந்தது. ஊட்டிக்குப் போனவர்கள் வாங்கி வரும் பச்சைநிறத் தைலத்தையும் இதன் சொந்தக்காரச் செடியிலிருந்துதான் எடுப்பார்களாம். வேறு செடியை நான் பார்க்கவே இல்லை.

"இதற்குப் புளிப்பு மண் வேண்டும்" என்றார் அவர். அமில மண். அதற்கென்று மூட்டையில் ஒரு மண் விற்கிறார்கள், பெயர் தேர் து புருயேர். புருயேர் என்பது இங்கே மேட்டுநிலங்களில் மண்டிக் கிடக்கும் ஒரு புதர், அது வளரும் மண். நான் கவுண்டரில் போய் நல்ல சத்தமாக, "குருயேர் மண் ரெண்டு மூட்டை" என்றேன். குருயேர் என்பது பாலாடைக்கட்டி. பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நிலா கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டாள்.

அண்ணிக்கு வீடியோவில் செடியைக் காட்டினேன். சாரத்தில் எங்கள் பழைய வீட்டில் இப்போது அண்ணனும் அண்ணியும்தான் இருக்கிறார்கள்.

"இதுக்கு ஆசிட் மண்ணு வேணுமாம் அண்ணி."

"இன்னாது, ஆசிட்டா? கக்கூஸ் கழுவற ஆசிட்ட ஊத்தியா செடி வளக்கப் போற?"

"அது இல்ல அண்ணி, மண்ணே புளிப்பா இருக்கணுமாம்."

"மண்ண வாயில போட்டு வேற பாத்தியா? நல்லா இருக்குதுடி உங்க ஊரு" என்றார்.

3

ஏப்ரலில் நட்டேன். குழிக்குக் குழி மூட்டை மண் போட்டு, ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக. இந்தப் பகுதி மண்ணே இயல்பில் புளிப்பு மண்தான் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். கருங்கல் பூமி, ஓயாத மழை. சும்மா குச்சியை நட்டாலே வளரும் என்றார். எல்லார் வாசலிலும் வளர்ந்தது உண்மை.

என் வாசலில் ஜூலைக்குள் விசித்திரமாக ஒன்று நடந்தது. நடையை விட்டுத் தள்ளி இருந்த செடிகள் கருகருவென்று பச்சை பிடித்துப் படர்ந்தன. கதவுப் பக்கம் இருந்தவை மட்டும் மஞ்சளாகின. இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நமக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன், முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன். இன்னும் மஞ்சளாயிற்று. சில செடிகள் காய்ந்தே போயின. ஒரே மூட்டை மண், ஒரே கை, ஒரே தண்ணீர். இரண்டு முழத்துக்குள் ஒன்று வாழ்கிறது, ஒன்று சாகிறது. 

அந்த நேரம் பார்த்து மதாம் கெர்வெல் மணியடித்தார். அவருக்கும் எனக்கும் நடுவில், என் மண்ணை ஒட்டி அவருடைய ஓர்த்தான்சியா நிற்கிறது. ஊட்டியில் பார்த்திருப்பீர்கள், பந்து பந்தாகப் பூக்குமே, அது. அவருடையது நீலம். அந்த நீலத்துக்காகத் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள்.

"வந்து பாருங்கள்" என்றார். போய்ப் பார்த்தேன். அவர் பக்கம் நீலம். என் பக்கம் ரோஜா நிறம். ஒரே செடியில்.

"நீங்கள் என்ன ஊற்றுகிறீர்கள் மதாம் சாரம்? துணி வெளுக்கும் திரவமா?"

"நான் ஒன்றும் ஊற்றவில்லை."

"இந்தச் செடி நான் கல்யாணமாகி வந்த வருடம் வைத்தது. என்றைக்கும் நீலம். மார்ச் கூட்டத்தில் பேசுவோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வாசலில் நின்று இரண்டு செடியையும் மாறி மாறிப் பார்த்தேன். என் பக்கத்தில் ஏதோ இருக்கிறது, நான் தொட்டதெல்லாம் கெடுகிறது என்றுகூட நினைத்தேன். அப்படி நினைக்கிற ஆள் நான் இல்லை, ஆனாலும் நினைத்தேன்.

4

ஆகஸ்டில் புதுச்சேரி வந்தோம். ஆடி மாதம், வீராம்பட்டினம் தேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நிலாவுக்கு எதிலும் ஆசையில்லை. வெயில், கொசு, கரண்ட் கட். சாரம் வீட்டில் காற்று வருகிற இடம் கேட் வாசற்படிதான் என்று கண்டுபிடித்து, காலையிலிருந்து அங்கேயே போனோடு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து சுவரோரமாக உள்ளே வரைக்கும் இட்லிப்பூச் செடி வேலி போல நிற்கும். அண்ணி வைத்தது. அன்றைக்கு அண்ணி வழக்கம்போல வாளித் தண்ணீரைத் தெளித்து, பழைய கோலத்தைத் தென்னந்துடைப்பத்தால் கழுவி ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிலா காலைத் தூக்கி வழிவிட்டவள், அந்தத் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்தச் செடி மட்டும் ஏன் மஞ்சளா இருக்குது?"

"அது எப்பவுமே அப்பிடித்தான் பாப்பா. கேட்டாண்ட இருக்கிறது மட்டும் தேற மாட்டேங்குது. உள்ள இருக்கிறதெல்லாம் நல்லாத்தான் பூக்குது. போறவங்க வர்றவங்க கண்ணு."

நிலா ஒரு இலையைப் பறித்தாள். போனைத் தடவி எதையோ தேடினாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு அவசரத்தை நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"அம்மா, இங்க வா. நம்ம வீட்டுச் செடிய நீ போட்டோ எடுத்து அனுப்பினியே, பாரு."

பார்த்தேன். போனில் கோல்தெரி, கையில் இட்லிப்பூ. மஞ்சள் இலை, பச்சை நரம்பு. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இரண்டு வாசலில் ஒரே வியாதி.

"இங்க தினமும் இன்னா விழுது?" என்று கேட்டாள்.

"தண்ணிதான்" என்றேன்.

"தண்ணி மட்டுமா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அண்ணியின் கையைப் பார்த்தோம். அண்ணி கையில் கோலமாவு டப்பா இருந்தது.

நிலா அதை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். ஒரு தட்டில் கொஞ்சம் மாவைக் கொட்டி, எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தாள். மாவு சுறுசுறுவென்று நுரைத்துப் பொங்கியது.

"எம்மாடி, பொங்குதுடி" என்றார் அண்ணி.

"இது மாவு இல்ல அத்தை. கல்லு. சுண்ணாம்புக் கல்லு. புளிப்பு பட்டா இப்பிடித்தான் பண்ணும். புளிப்பு மண்ண கேக்கிற செடிக்கு தினமும் சுண்ணாம்ப கரைச்சு ஊத்திகினு இருக்கோம்."

அதோடு விடவில்லை. என் அண்ணனை அனுப்பிப் பெரிய மார்க்கெட்டிலிருந்து ஊதா முட்டைகோஸ் வாங்கி வரச் செய்தாள். வேகவைத்த சாற்றை டம்ளர் டம்ளராக ஊற்றி, ஒன்றில் கேட்டோர மண், ஒன்றில் உள்பக்க மண். லீசேயில் கற்றுக்கொண்டதாம்: புளிப்பு பட்டால் சாறு சிவக்கும், சுண்ணாம்பு பட்டால் பச்சையாகும். கேட்டோர மண் போட்ட டம்ளர் பச்சை கலந்த நீலமாக மாறியது, மற்றது ஊதாவாகவே இருந்தது. எலுமிச்சை விட்ட டம்ளர் சிவந்தது. அண்ணன் தன் மோட்டார் கடையைத் திறக்கப் போகாமல் நின்று பார்த்தார். மதாம் வீட்டுப் பூ ஏன் நிறம் மாறியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. புளிப்பு மண்ணில் நீலமாகப் பூப்பது, சுண்ணாம்பு சேர்ந்தால் ரோஜா நிறமாகிவிடுமாம்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆறு வருடமாகத் தினமும் காலையில் கோலத்தைக் கழுவிச் செடிப் பக்கம் தள்ளியவள் நான்தான். எங்கள் நடை அந்தப் பக்கம்தான் சாய்வு. போதாக்குறைக்கு முட்டை ஓடு வேறு; அதுவும் சுண்ணாம்புதான். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. இந்தச் செடிக்காகக் கோலத்தை விடுவதா, கோலத்துக்காக மண்ணை விடுவதா? இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் நான் எதை விடுவேன்?

"விட மாட்டேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"யாரு விடச் சொன்னா? அரிசி மாவுல போடேன்" என்றார் அண்ணி. "எறும்பு வருதுன்னு நாங்கதான் அத வுட்டுட்டோம்."

"அங்க எறும்பு கம்மி அண்ணி."

"அப்புறம் இன்னா. ஊரு மெச்சப் போடு."

இருந்தாலும் கிளம்புகிற அன்றைக்கு வழக்கம்போல ஒரு பாக்கெட் கல்மாவை என் பெட்டிக்குள் வைத்தார். பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. "நல்ல நாளு பெரிய நாளைக்கு வூட்டுக்குள்ள போடு, செடியாண்ட கொண்டாராத" என்றார்.

5

பாரிஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வெள்ளைப் பொடி. பெயர் அச்சிடாத பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு போட்டது. அவர் பார்வை மாறியது.

இது எனக்குப் புதிதல்ல. முந்தைய பயணத்திலும் இதே பொடி, இதே இடம். என்னுடைய பிரெஞ்சு அவசரத்துக்கு உதவாது. "மாவு, தரைக்கு" என்றேன் அப்போது. தரைக்கு எதற்கு மாவு என்று அவர்கள் கேட்டு, அப்பளக் கட்டு வரைக்கும் பிரித்துப் பார்த்தார்கள். நிலா அன்றைக்குத் தள்ளிப் போய், யாரோ மாதிரி சுவரைப் பார்த்து நின்றாள்.

இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள். பையை வாங்கி, கொஞ்சம் பொடியை விரலால் எடுத்து, அவர் மேஜை மேலேயே புள்ளி வைத்தாள். நாலு புள்ளி. அதைச் சுற்றி ஒரு கம்பி இழுத்தாள். கோணலாகத்தான் வந்தது, அவள் கோலம் போட்டு நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"சுண்ணாம்புக் கல் பொடி மிஸ்யே" என்றாள் பிரெஞ்சில். "என் அம்மா தினமும் காலையில் வாசலில் இப்படிப் போடுவார். வருகிறவர்களுக்காக."

வருகிறவர்களுக்காக. ஒன்றுமில்லை என்று சொன்ன அதே வாய். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "எல்லா நாளும் போடுவாரா?" என்று கேட்டார். "மழை நாளிலும்" என்றாள். அவர் பையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, மேஜையைத் துடைத்துவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். நான் துடைக்கவில்லை, அவளே துடைத்தாள். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

6

செப்டம்பரில் கதவோரத்து மண்ணை இரண்டு சாண் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தோம். என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே மூட்டை கட்டினார். "கோலத்தேரி" என்று செடிக்கு அவர்தான் பெயர் வைத்தார், கோலத்தால் வந்த வினை என்பதால். புது மூட்டை மண் போட்டோம். இம்முறை கவுண்டரில் நான் புருயேர் என்று சரியாகச் சொன்னேன், யாரும் சிரிக்காதது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. செத்த செடிகளுக்குப் பதில் புதுச் செடிகளை நெருக்கமாக நட்டு, கடற்கரைப் பக்கத்துப் பைன் மரங்களின் கீழிருந்து உதிர்ந்த ஊசியிலைகளை வாரி வந்து பரப்பினோம். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் பீப்பாய் வைத்து மழைநீர் பிடித்தோம். நிலா வாரம் தவறாமல் முட்டைகோஸ் சாற்றோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். டம்ளர் சிவந்தால் ஒரு நாள் முழுக்க வீடு கலகலப்பாக இருக்கும். சிவக்காவிட்டால் நான் முட்டை ஓடு போட்டேனா என்று விசாரணை நடக்கும்.

கோலம் அரிசி மாவுக்கு மாறியது. கல்மாவு போல விரலிலிருந்து வழுக்கி விழாது, கை பழக நாளாயிற்று. எறும்பு வரவில்லை, குருவி வந்தது. மார்பு சிவந்த ஒரு குட்டிப் பறவை, நான் போட்டு நிமிர்வதற்குள் கம்பிக்கு நடுவில் நின்று கொத்தும். தின்றுவிட்டுப் போகட்டும், அதற்குத்தானே மாவில் போடுவது.

நவம்பரில் மற்ற வாசல்கள் மங்கின. என் வாசல் அப்போதுதான் ஆரம்பித்தது. கோல்தெரியின் இலை ஓரம் செம்பு நிறமாயிற்று. இலைக்கடியில் வேர்க்கடலை அளவில் சிவப்பு சிவப்பாகப் பழம். உறைபனி விழுந்தாலும் கொட்டவில்லை. மார்கழியில் ஒரு காலை கதவைத் திறந்து கோலம் போட்டு முடித்துப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். வெள்ளைக் கோலம், அதன் ஓரமாக நெடுகச் சிவப்புப் பழம். இங்கே செம்மண் கிடைக்காது என்று காவி இட முடியாமல் இருந்த குறை தீர்ந்தது. என் செடி எனக்குக் காவி இட்டுவிட்டது. பிப்ரவரிக்குள் மண் கண்ணுக்குத் தெரியவில்லை.

7

நேற்று கூட்டம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். தோற்றாலும் பட்டுப்புடவையோடு தோற்கிறேன் என்றேன்.

மதாம் கெர்வெல் முறையாகத்தான் பேசினார். என் வாசல் பச்சையாகிவிட்டதை ஒப்புக்கொண்டார். ஆனால் பொதுமண்ணில் ஏதோ ரசாயனம் கொட்டப்பட்டிருக்கிறது, தன் பூவே சாட்சி என்று போன கோடையில் எடுத்த படத்தைக் காட்டினார். பாதி நீலம், பாதி ரோஜா. என்ன என்று தெரியாமல் அந்த வாசலை அப்படியே விட முடியாது, சிமெண்ட்தான் பாதுகாப்பு என்றார். சிலர் தலையாட்டினார்கள். 

எழுந்தேன். பத்து நாளாக மனப்பாடம் செய்த வாக்கியம். "ரசாயனம் இல்லை. நான் தினமும் என் வாசலில் கால்வேர் போட்டேன்" என்றேன்.

கூடம் வெடித்துச் சிரித்தது. நான் சொல்ல வேண்டியது கால்கேர், சுண்ணாம்புக் கல். கால்வேர் என்றால் இந்தப் பகுதியில் ஊர் முனைதோறும் நிற்கும் கல்சிலுவை. படாத பாடு என்றும் அர்த்தம் உண்டு. ஆறு வருடமாகத் தினமும் என் வாசலில் படாத பாடு பட்டேன் என்று அவர்கள் தலைவி முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். பின்வரிசையிலிருந்து நிலா "கால்கேர், அம்மா" என்று கத்தினாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் இடத்தை விட்டுப் போகவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, கோலம் என்றால் என்ன, அதில் என்ன இருந்தது, பூ ஏன் நிறம் மாறியது, இப்போது ஏன் மாறாது என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். கோலம் என்ற சொல்லை மொழிபெயர்க்கவில்லை, கோலம் என்றே சொன்னாள்.

நான் கைப்பையிலிருந்து கோல்தெரி இலைகளை எடுத்துக் கையில் கையில் கொடுத்தேன். கசக்கிப் பாருங்கள் என்றேன். எல்லாருக்கும் மூட்டுவலி உள்ள வயசு. கூடம் முழுக்க எங்கள் அப்பாவின் முழங்கால் மணத்தது.

வாக்கெடுப்பில் சிமெண்ட் வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. மதாம் கெர்வெல் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. முடிவைப் படித்தார்: "மதாம் சாரம் வீட்டு வாசல் இப்படியே இருக்கும்."

8

இன்று காலை கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது நிழல் தெரிந்தது. நிமிர்ந்தேன். மதாம் கெர்வெல், கையில் காலி ஜாம் பாட்டில்.

"அந்தப் பழைய பொடி உங்களிடம் இன்னும் இருக்கிறதா?" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். அவர் தன் வாசலின் அந்தப் பக்கம், என் மண்ணுக்கு எட்டாத மூலையில் நிற்கும் இன்னொரு ஓர்த்தான்சியாவைக் காட்டினார். போன கோடையில் பூவைப் பார்க்க நின்றவர்கள் எல்லாரும் ரோஜா நிறப் பக்கத்தைத்தான் படம் எடுத்தார்களாம். அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டதாம். இந்த வருடம் எல்லாம் நீலமாகிவிடுமே என்று யோசித்தாராம். கூட்டத்தில் சொல்ல வாய் வரவில்லை என்று அவரே சொன்னார். முதுகு அப்போதும் வளையவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

இது அதே வெள்ளைத் தூசிதானே என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஜெயித்தவள் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். உள்ளே போய் அண்ணி கொடுத்த பாக்கெட்டை எடுத்து வந்தேன். "என் செடிப் பக்கம் ஒரு சிட்டிகை வரக் கூடாது" என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்.

"எவ்வளவு கொட்ட வேண்டும்?"

பதில் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. நிலா லீசேக்குக் கிளம்பி, பையை மாட்டியபடி நின்றிருந்தாள். பின்பக்கமாக அல்ல, முன்வாசலில்.

"கொட்டக் கூடாது மதாம். போட வேண்டும்" என்றாள். பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மதாம் வீட்டுப் படிக்கு முன்னால் குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்தாள். மதாம் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நான் போனை எடுத்து சாரத்துக்குப் பேசினேன்.

"அண்ணி, அடுத்த வாட்டி வரும்போது கோலமாவு ரெண்டு பாக்கெட்டா குடுங்க."

"ஏண்டி, செடிக்கு ஆகாதுன்னு சொன்ன?"

"எனக்கு இல்ல. பக்கத்து வூட்டு வெள்ளக்காரம்மாவுக்கு."

 அண்ணி கேட்டார், "அவுங்களுக்கு யாரு போட்டுக் குடுக்கிறா?"

நான் கேமராவைத் திருப்பி, குனிந்திருந்த என் மகளைக் காட்டினேன்.